பழனியம்மாவின் எட்டு மாத்திரைகள்

அடுத்தவருக்குப் புத்தி சொல்வதைப்போல் சுகமான வேலை வேறு கிடையாது. அதற்கு அரசாங்கம் மாதச் சம்பளமும் கொடுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஏற்காடு மலையில் கிராம சுகாதாரச் செவிலியாக முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சுகத்தை அனுபவித்தவள் நான். அவ்வளவு நீளமான பட்டத்தைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. நேரில் நர்ஸம்மா என்பார்கள். (முதுகைத் திருப்பியதும் வேறொரு பெயர் இருந்ததாகப் பிற்பாடு தெரிந்தது. அதை இங்கே எழுதுவதாக இல்லை.) அப்பேர்ப்பட்ட நர்ஸம்மா வேலையில் சேர்ந்த நாலாம் வருடம் ஒரு திருட்டில் கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள். திருடிய பொருள், எட்டு ஜலதோஷ மாத்திரை.

என்னிடம் செம்மநத்தத்தையும் அதைச் சுற்றியிருந்த காபி எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளையும் ஒப்படைத்திருந்தார்கள். மழை தொடங்கினால் அங்கே முக்கால்வாசிப் பேருக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும். கர்ப்பிணிகள் சிலருக்கோ மழையும் வேண்டாம், சளியும் வேண்டாம்; கர்ப்பத்தின் காரணமாகவே மூக்குக்குள் வீங்கி அடைத்துக்கொள்ளும். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கூடையும் சுமக்க முடியாது, படுக்கவும் முடியாது. பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? பஸ் நிற்கும் இடத்திலிருந்த பெட்டிக்கடையில் மூக்கடைப்பு மாத்திரை கிடைத்தது. வாழைப்பழத்தோடு சேர்த்து அதையும் வாங்கி வந்துவிடுவார்கள்.

நான் விடுவேனா? வீடு வீடாகப் போய் மஞ்சப்பையை உதறச் சொல்வேன். சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பார்ப்பேன். கிடைத்த அட்டையைப் பிடுங்கி, ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, அதில் பெயரையும் எத்தனை மாத்திரை என்பதையும் எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொள்வேன். பிடுங்கியதை வீசி எறிந்தால் காசு போட்டு வாங்கியவர்கள் மனசு கேட்காது என்று நானே ஒரு சமாதானமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன்: பிரசவம் ஆனதும் வந்து எண்ணி வாங்கிக்கொள்ளலாம். பெட்டிக்கடைக்காரரையும் விடவில்லை. பொம்பளைகளுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தால் சுகாதார நிலையத்து டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று மிரட்டினேன்; அவர் அதை விற்பதையே நிறுத்திவிட்டார். அந்த வட்டாரத்தில் அதன்பிறகு மூக்கடைப்பு மாத்திரை இருந்த ஒரே இடம் என் டப்பாதான்.

டப்பாவுக்குள் போனவற்றில் பழனியம்மாவின் அட்டையும் ஒன்று. செம்மநத்தத்தில் சாமையும் கொஞ்சம் காபியும் போட்டிருந்த குடும்பம் அவளுடையது. என்னைவிட இரண்டு வயது சிறியவள். நாலாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பத்து மாத்திரை உள்ள அட்டை, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. வாங்கி வந்த அன்றைக்கே நான் போய் நின்றுவிட்டேன்.

“மூச்சு உட முடியலீங்க நர்ஸம்மா. ஒண்ணே ஒண்ணு போட்டுக்கறனுங்க” என்றாள்.

“மூக்கு உனக்கு அடச்சிருக்குது. மாத்திரை உள்ளார இருக்கற புள்ளைக்கும் சேத்துப் போவும். டாக்டரம்மாகிட்டக் கேக்காம எதையும் வாயில போடக் கூடாது” என்றேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்பைக் கலந்து மூக்கில் விடச் சொன்னேன், ஆவி பிடிக்கச் சொன்னேன், தலைமாட்டை உயர்த்திப் படுக்கச் சொன்னேன். சொன்னது அத்தனையும் சரிதான். அவளும் பிள்ளை பிறக்கும்வரை அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தாள்.

அப்போது எனக்கும் வயிற்றில் இரண்டாம் மாதம். ஆனால் எனக்கு மூக்கு அடைக்கவில்லை. அடைக்காத மூக்கை வைத்துக்கொண்டு ஒழுக்கமாக இருப்பது மிக எளிது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பழனியம்மாவுக்குப் பையன் பிறந்தான். இரண்டு மாதம் கழித்து எனக்குப் பெண் பிறந்தாள், பூங்கோதை. என் கணவர் ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். எங்களுக்கு அங்கேயே ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். ஓமலூரிலிருந்து என் மாமியார் வந்து பத்தியம் பார்த்தார். பிள்ளைக்கு இரண்டு மாதம் முடிந்த சமயம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. என் மூக்கும் பிடித்துக்கொண்டது.

அதுவரை நான் எத்தனையோ பேரின் மூக்கடைப்பைப் பற்றிப் பேசியிருக்கிறேன். எனக்கே வந்தபோதுதான் அது மூக்கில் வருகிற நோய் அல்ல, குணத்தில் வருகிற நோய் என்று புரிந்தது. பிள்ளை அழுதால் எரிச்சல். பிள்ளை தூங்கினால், எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லையே என்று எரிச்சல். கணவர் மூக்கால் மூச்சு விடுகிற சத்தம் கேட்டால் அவர்மேல் கொலைவெறி.

“நொச்சித் தழை போட்டுத் தண்ணி கொதிக்குது கண்ணு, வந்து ஆவி புடி” என்பார் மாமியார்.

“அப்பறம் அத்தை” என்பேன். போர்வைக்குள் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார யாரால் முடியும்? (அதே போர்வைக்குள் ஊரில் உள்ள அத்தனை கர்ப்பிணிகளையும் உட்காரவைத்தவள் நான்.) உப்புத் தண்ணீர் விட்டால் தொண்டைக்குள் இறங்கிக் குமட்டியது. ஒரே நாளில் இரண்டையும் கைவிட்டேன்.

கணவரைக் கடைக்கு அனுப்பலாம் என்றால், கடைக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது? அந்த நேரத்தில்தான் அலமாரியின் மேல்தட்டில் இருந்த டப்பா என் கண்ணில் பட்டது. திறந்தேன். மேலாகவே கிடந்தது பழனியம்மாவின் அட்டை. பிளாஸ்திரியில் என் கையெழுத்திலேயே ‘பழனியம்மா, 10’.

மனசாட்சி ஏதோ சொல்ல வந்தது. அதையும் புத்தி சொல்லியே அடக்கினேன். பிள்ளைதான் வெளியே வந்தாயிற்றே, இனி என் வயிறு என் வயிறு, பிரசவத்துக்குப் பிறகு சாப்பிடலாம் என்று நானேதானே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன், சேலம் போகும்போது புது அட்டை ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம். மாமியார் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருக்கும்போது ஒரு மாத்திரையைத் தள்ளி எடுத்து விழுங்கினேன்.

அரை மணியில் மூக்கு திறந்தது. அடுப்பில் வறுபடும் கொத்தமல்லி மணத்தது. பிள்ளையின் தலையில் எண்ணெய் மணத்தது. கணவர்கூட நல்ல மனிதராகத் தெரிந்தார். சாயங்காலம் ஒன்று, மறுநாள் காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று நாலு நாளைக்கு ஓடியது.

மூன்றாம் நாள் பூங்கோதை பால் குடித்துவிட்டும் அழுதாள். அடுத்த பக்கம் போட்டேன். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினாள். அதுவரை அவள் ஒரு பக்கம் குடிக்கும்போது மறுபக்கம் ரவிக்கை நனையும். அன்றைக்கு இரண்டு பக்கமும் காய்ந்து கிடந்தது.

“பால் பத்தலை கண்ணு” என்றார் மாமியார். அந்தக் குரலில் குற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் எனக்கு அது குற்றச்சாட்டாகவே கேட்டது.

அப்புறம் நடந்ததை என்ன சொல்ல? மாமியார் ஒரு படையையே திரட்டிவிட்டார். காலையில் பூண்டுக் கஞ்சி, மத்தியானம் பூண்டுக் குழம்பு, இடையில் பாலில் வேகவைத்த பூண்டு. லைன் வீடுகளிலிருந்து ஒருத்தி முருங்கைக்கீரை கொண்டுவந்தாள், ஒருத்தி கருவாடு கொண்டுவந்தாள். இன்னொருத்தி வெறுங்கையோடு வந்து, நான் சாப்பிடுவதைக் கடைசி வாய்வரை பார்த்துவிட்டுப் போனாள். எல்லோரும் என்னிடம் பாலுக்கு யோசனை கேட்டுப்போனவர்கள். இப்போது எனக்கு யோசனை சொல்லக் கிடைத்த சந்தர்ப்பத்தை ஒருத்தியும் தவறவிடவில்லை. நான் பூண்டு நாற்றத்தோடு நடுவில் உட்கார்ந்து அத்தனையும் விழுங்கினேன். மாத்திரையையும் சேர்த்துத்தான். மாத்திரையின் வேகம் தீர்ந்ததும் மூக்கு மறுபடி அடைத்துக்கொண்டதே?

நாலாம் நாள், எடை பார்க்கிற தொங்கு தராசை உத்தரத்தில் மாட்டிப் பிள்ளையைத் தொட்டிலில் வைத்துப் பார்த்தேன். முள் போன வாரம் நின்ற இடத்திலேயே நின்றது. துணியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தேன். கொஞ்சம் குறைந்தேவிட்டது. ஊரார் பிள்ளைகளின் எடை நிற்கும்போது நான் அட்டையில் குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். என் பிள்ளையின் எடை நின்றபோது அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டு அழுதேன்.

மாமியார் பழியைத் தூக்கி மகன் தலையில் போட்டார். “புள்ளை பொறந்தா சேர்வராயன் கோயிலுக்கு நடந்து வர்றேன்னு வேண்டிக்கிட்டியே, போனியா? அதான் சாமி பாலை நிறுத்திப்போட்டுது.” என் கணவர் குடையை எடுத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் மலை உச்சிக்கு நடந்தார். குனிந்து நுழைகிற அந்தக் குகைக்கோயிலில் தலையை இடித்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டு, தொப்பலாக நனைந்து திரும்பினார். வந்ததும் வரிசையாக ஏழு தும்மல்.

“கோமதி, மூக்கு அடச்சுக்கிச்சு. உன்ற டப்பாவுல ஏதாச்சும் மாத்திரை கெடக்குமா?”

எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, “அது அடுத்தவங்க பொருளுங்க. டாக்டரைக் கேக்காம மாத்திரை முழுங்கற பழக்கமே தப்பு. அத்தைகிட்டச் சொல்லி ஆவி புடிங்க” என்றேன். எனக்காகத் தலையில் அடிபட்டு வந்த மனுஷர், சரி என்று சொல்லிவிட்டுப் போர்வைக்குள் போனார். அன்று சாயங்காலம் நான் எட்டாவது மாத்திரையை விழுங்கினேன்.

மறுநாள் காலை பழனியம்மா வந்தாள். மாராப்போடு சேர்த்துக் கட்டிய துணியில் நாலு மாதப் பையன், கொழுகொழுவென்று. அவளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க நர்ஸம்மா, பிரசவமானா மாத்திரையைத் திருப்பித் தர்றேன்னு சொன்னீங்களே. மழைக்கு மறுக்கா அடச்சுக்கிச்சுங்க. அதான் வாங்கிட்டுப் போலாமுன்னு வந்தனுங்க.”

டப்பா எங்கேயோ இருக்கிறது, பிறகு தேடித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கணவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே, மேல்தட்டிலிருந்து டப்பாவை எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். உதவி செய்யத் தோன்றினால் அவருக்கு உடனே தோன்றிவிடும்.

பழனியம்மா பிளாஸ்திரியைப் பார்த்தாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். “இதுல பத்துன்னு எழுதியிருக்குதுங்க. ரெண்டுதானுங்க இருக்குது” என்றாள்.

மாமியார்தான் எனக்கு ஒரு வழி காட்டினார். “இந்த ஊட்டுல எலித் தொல்லை நொம்ப, கண்ணு.”

“ஆமா, எலிதான் தின்னிருக்கும்” என்றேன் நான்.

பழனியம்மா அட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். “எலி கடிச்சா அட்டை கிழிஞ்சிருக்குமுங்க. இது ஒவ்வொண்ணா அழகாத் தள்ளி எடுத்திருக்குது. படிச்ச எலிங்களா?”

என் கணவருக்குத் தும்மல் வந்தது. அல்லது சிரிப்பாக இருக்கலாம், நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்துப் பூங்கோதை அழ ஆரம்பித்தாள். மடியில் போட்டேன். இழுத்துப் பார்த்துவிட்டு இன்னும் அதிகமாக அழுதாள். பழனியம்மா என்னையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“உங்களுக்கும் மூக்கு அடச்சிருந்துதுங்களா?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அப்படிக் கேட்டதும் எனக்கு அழுகை உடைந்துவிட்டது. எட்டும் நான்தான் தின்றேன் என்று சொன்னேன். மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார்.

“எத்தனை நாளாப் பால் இல்லீங்க?” என்றாள் பழனியம்மா.

“முந்தாநாளிலேருந்து.”

“மாத்திரை?”

“நாலு நாளா.”

அவள் கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். “மூக்க உணத்தற மாத்திரை பாலை மட்டும் உட்டுவெக்குங்களா?”

இரண்டு வருடம் பயிற்சி எடுத்தவள் நான். மூக்கைக் காயவைப்பது பாலையும் காயவைக்குமா என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பழனியம்மா தன் பையனை என் மாமியாரிடம் கொடுத்துவிட்டு என் மடியிலிருந்து பூங்கோதையை வாங்கினாள். “குடி சாமி” என்று மார்போடு சேர்த்துக்கொண்டாள். அழுகை நின்றது. மடக் மடக்கென்று பிள்ளை விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. நான் என் வாழ்க்கையில் யாருக்கும் அவ்வளவு நன்றியோடு இருந்ததில்லை. அவ்வளவு வெட்கப்பட்டதும் இல்லை. (இன்றைக்கு ஒருத்தி பாலை இன்னொருத்தி பிள்ளைக்கு இப்படிக் கொடுக்கலாமா என்று கேட்டால், டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதற்கெல்லாம் இப்போது பரிசோதனை இருக்கிறது. அன்றைக்கு என்னிடம் இருந்தது ஒரு பசித்த பிள்ளை மட்டும்.)

எஸ்டேட் ஜீப்பில் என்னையும் பிள்ளையையும் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார் என் கணவர். சுகாதார நிலையத்தில் என் மேலதிகாரி அவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“யாரு குடுத்த மாத்திரை?”

“நானே எடுத்துக்கிட்டேன் மேடம்.”

“யாரோடது?”

“ஒரு கர்ப்பிணிகிட்டேருந்து பிடுங்கினது மேடம்.”

“உங்க ஏரியாவுல யாரும் கேக்காம மருந்து சாப்பிடறதில்லைன்னு மாசாமாசம் எழுதி அனுப்பறீங்க. இனிமே ஒருத்தரைத் தவிரன்னு சேத்து எழுதுங்க” என்றார்.

பிறகு பிள்ளையைப் பார்த்தார். பயப்பட ஒன்றும் இல்லை என்று சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. மூக்கடைப்புக்கு வாயால் சாப்பிடும் மாத்திரை சிலருக்குத் தாய்ப்பாலைக் குறைத்துவிடும், நிறுத்தினால் திரும்ப வரும், பிள்ளையை அடிக்கடி மார்பில் போட வேண்டும் என்றார். மூக்குக்கு உப்புத் தண்ணீரும் ஆவியும் போதும்; கேட்காவிட்டால் தன்னிடம் வர வேண்டும்; மூக்கில் விடுகிற சொட்டு மருந்துகூடச் சில நாளுக்குத்தான், அதற்குமேல் விட்டால் அடைப்பு இன்னும் கூடும் என்றார். கடைசியில் கேட்டார்: “அதென்ன, பிரசவமானா திருப்பித் தர்றேன்னு ஒரு வாக்கு? வயித்துல இருக்கறப்ப மட்டுமா அது உங்க புள்ள?”

அந்தக் கேள்வி எனக்குப் பட வேண்டிய இடத்தில் பட்டது. கையோடு கொண்டுபோயிருந்த டப்பாவை அங்கேயே ஒப்படைத்தேன்.

அன்றிலிருந்து ஐந்து நாள், மழையில் காலையும் மாலையும் பழனியம்மா நடந்து வந்தாள். முதலில் நான் மார்பில் போடுவேன்; பிள்ளை சலித்து அழும்போது அவள் வாங்கிக்கொள்வாள். நாங்கள் இருவரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து நொச்சி ஆவி பிடித்தோம். வேர்த்து வழிந்தது. “நல்லா மூச்சை இழுங்க நர்ஸம்மா, ஏமாத்தாதீங்க” என்று என்னை அதட்டினாள். நாலாம் நாள் என் ரவிக்கை நனைந்தது. ஆறாம் நாள் அவளை வர வேண்டாம் என்றேன். அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அடுத்த வாரம் தராசு முள் நகர்ந்தபோது என் மாமியார் அந்த முள்ளுக்கே திருஷ்டி சுற்றினார்.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போனேன். கதை எனக்கு முன்னால் எல்லா லைன் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. கேலி செய்வார்கள் என்று எதிர்பார்த்தேன்; செய்தார்கள். எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. நான் கேட்காமலே ஒருத்தி மடியிலிருந்து மாத்திரையை எடுத்துக் காட்டி, “இதைச் சாப்பிடலாமுங்களா நர்ஸம்மா? நீங்க சாப்பிட்டுப் பாத்தவங்களாச்சே” என்றாள். அதற்குப் பிறகு நான் யார் வீட்டிலும் சாமி படத்துக்குப் பின்னால் கையை விடவில்லை. அவர்களே கொண்டுவந்து கேட்டார்கள்.

எங்கள் வீட்டில் இந்த விவகாரம் முடியவே இல்லை. பூங்கோதை பத்தாம் மாதமே நடந்தாள். பழனியம்மா பார்த்துவிட்டு, “அது என்ற பாலுங்க” என்றாள். மூன்றாம் வகுப்பில் பூங்கோதை பக்கத்துப் பெண்ணின் சிலேட்டை உடைத்துவிட்டு எலி உடைத்தது என்றாள். “அது நர்ஸம்மா பாலுங்க” என்றாள் பழனியம்மா. ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய பரிசெல்லாம் செம்மநத்தம் கணக்கு. கணக்குப் பாடத்தில் வாங்கிய மதிப்பெண்ணெல்லாம் என் கணக்கு. வரன் பார்க்க வந்த பையனிடம் பூங்கோதை நேருக்கு நேர் கேள்வி கேட்டபோது, என் கணவர் என் காதருகே குனிந்து, “இது எந்தப் பாலு?” என்று கேட்டார். ஐந்து நாள் கொடுத்த பாலுக்கு ஆயுள் முழுக்க உரிமை கொண்டாடுகிற பெண்பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன மழைக்காலத்தில் கோயம்புத்தூரிலிருந்து பூங்கோதை போன் செய்தாள். அவளுக்கும் இப்போது கைக்குழந்தை. பேச்சுவாக்கில், “மூணு நாளா மூக்கடைப்பும்மா. பால் குடுக்கறேன்னு சொல்லி டாக்டர்கிட்டக் கேட்டேன். உப்புத் தண்ணி ஸ்ப்ரே போதும்னாங்க. இப்பப் பரவால்ல” என்றாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. ஊருக்கெல்லாம் சொன்ன புத்தி கடைசியில் என் வீட்டிலேயே பலித்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்துச் செம்மநத்தம் போனேன். வாசலில் காபிக்கொட்டையைக் காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள் பழனியம்மா.

“பாத்தியா பழனியம்மா, என்ற மக டாக்டரைக் கேக்காம ஒரு மாத்திரை தொடலை” என்றேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அது என்ற பாலுங்க, நர்ஸம்மா.”